கண்தானமும் அடுத்த பிறவியும்: உங்கள் பெரியப்பாவிடம் என்ன சொல்லலாம்?

அப்பா கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்க, "கண்ணை எடுத்தால் அடுத்த பிறவியில் குருடனாகப் பிறப்பான்" என்று பெரியப்பா தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் அறிவியல் பேசாதீர்கள். அவர் நம்பிக்கைக்குள் நின்றே பேசுங்கள்.

மறுபிறவியைச் சொல்லும் நம் மரபில் உயிரோடு கூட வருவது வினைதான், உடம்பு அல்ல. உடம்பை எப்படியும் சிதையில் வைக்கிறோம், கண்ணும் அதோடுதான் எரிகிறது. அப்படிப் பார்த்தால் எரியூட்டப்பட்ட எல்லோருமே உடம்பில்லாமல் அல்லவா பிறக்க வேண்டும்? கண்ணைப் பிடுங்கி அப்பிய கண்ணப்பரைக் காளத்தியில் கும்பிடுகிறோமே, அதையும் நினைவுபடுத்துங்கள். இலங்கையில் மறுபிறவியை நம்பும் பௌத்தர்கள் கண்தானத்தைப் பெரும் புண்ணியமாகவே செய்கிறார்கள். புத்தர் தம் முற்பிறவி ஒன்றில், போதிசத்துவராக இருந்தபோது, சிபி மன்னராகப் பிறந்து கண்களைக் கொடுத்த ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) அவர்களுக்கு முன்மாதிரி. அங்கே கண்தானச் சங்கம் 1961-லேயே தொடங்கிவிட்டது.

முகம் விகாரமாகிவிடும் என்ற பயமும் அவருக்கு இருக்கலாம். அப்படி ஆகாது, இமையை மூடிவிடுவார்கள், பார்த்தால் தெரியாது.

அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பத்தார் சம்மதம் கேட்பார்கள். அதனால் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். காலமானதும் இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எனவே கண் வங்கிக்கு உடனே சொல்லிவிடுங்கள்.