ஆறு அறை, ஐந்து தோட்டா: ரிவால்வர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஒவ்வொரு முறையும் பின்னாலுள்ள சுத்தியலைக் கையால் இழுத்த பிறகே சுட முடிகிற சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரைப் பற்றியவை. பொள்ளாச்சியிலிருந்தும் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் சித்தூர் வட்டத்திலிருந்தும் எழுதுவோரிடம் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று வாங்கும் ஆசை இருக்கிறது. உரிமம், குழல், தோட்டா ஆகிய மூன்றில் ஒன்றின் விவரமும் இல்லாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் பிறருக்குப் பாடமாக இருக்கட்டும் என்று சேர்த்திருக்கிறேன்.

ஹூஸ்டனில் பணிபுரியும் பொள்ளாச்சி வாசகர்: ரூகர் பிளாக்ஹாக் .357 மேக்னம் வாங்க எண்ணியிருக்கிறேன். 4⅝ அங்குலக் குழல் நல்லதா, 6½ அங்குலமா? ஊர் திரும்பும்போது கொண்டுவர முடியுமா? எச்-1பி விசாவில் இருக்கிறேன்.

கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மாநில அரசு வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பச் சொல்லும் 4473 எண் படிவத்திலும் இதே கேள்வி வரும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

விசாச் சிக்கல் தீர்ந்த பிறகு குழலுக்கு வருவோம். இலக்குச் சுடுதல்தான் நோக்கம் என்றால் 6½ அங்குலமே வாங்குங்கள். குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும்போது கையின் சிறு பிசகும் கண்ணுக்குத் தெரிகிறது. முனை துள்ளுவதும் குறைகிறது. இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பவருக்கே குட்டைக் குழல் தேவைப்படும். பின்குறியைத் திருகித் திருத்தும் வசதி பிளாக்ஹாக்கில் இருக்கிறது. அதில் சுடக்கூடிய .38 தோட்டாவும் .357 தோட்டாவும் ஒரே உயரத்தில் விழாது என்பதால் அந்த வசதி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

கொண்டுவருவதைப் பொறுத்தவரை, சாதாரணப் பயணியின் பெட்டியில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு குடிபெயர்ந்து வருபவர், அங்கே ஓராண்டாவது தம் உடைமையாக வைத்துப் பயன்படுத்திய, தடைசெய்யப்படாத வகையைச் சேர்ந்த ஒரே ஒரு துப்பாக்கியைக் கொண்டுவரச் சுங்க விதி இடம் தருகிறது. அதை வாழ்நாள் முழுவதும் விற்கவோ கைமாற்றவோ கூடாது. இங்கே ஆயுத உரிமமும் கையில் இருக்க வேண்டும். உங்கள் ரிவால்வர் எந்த வகையில் சேரும் என்பதை உரிம அதிகாரியிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொன்னார், நண்பர் சொன்னார் என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது.

ஆனைமலை வாசகர்: .357 ரிவால்வரைப் பல்பயன் உடையது என்று புகழ்கிறார்கள். அப்படி என்ன சிறப்பு?

ஒரே துப்பாக்கியில் இரண்டு வகைத் தோட்டா போகும் என்பதுதான் சிறப்பு. .357 மேக்னம் 1935இல் வந்தது. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் மூத்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் பித்தளைக் கூட்டையே ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் நீட்டி அதைச் செய்தார்கள். பழைய .38 ரிவால்வருக்குள் அது தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நீளம். .38இன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் 17,000 பவுண்டு என்றால் மேக்னத்தின் அழுத்தம் 35,000, அதாவது இருமடங்கு. ஆகவே மேக்னம் ரிவால்வரில் .38 சுடலாம்; .38 ரிவால்வரில் மேக்னம் நுழைந்தாலும் சுடக் கூடாது. முதலில் குழலின் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

ஒன்றேகால் கிலோ எடையுள்ள ரிவால்வரில் மென்மையான .38ஐ வைத்துச் சுட்டால் உதை மிகக் குறைவு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் பெரியவரின் மேற்பார்வையில் கற்றுக் கொடுக்கலாம். குறை ஒன்றுண்டு. குட்டையான .38 கூடு முடியும் இடத்தில் அறைக்குள், அதாவது உருளையில் தோட்டா உட்காரும் துளைக்குள், கரி வளையம் படியும். நாள் முழுவதும் .38 சுட்டுவிட்டு, அந்த வளையத்தைத் துலக்காமல் மேக்னத்தைச் செருகினால் தோட்டா முழுதாக உட்காராது. சுட்டபின் கூடு வெளியே வர அடம்பிடிக்கும். பித்தளைத் தூரிகையால் அறைக்கு நான்கு இழுப்பு இழுத்தால் போதும்.

பெயர், ஊர் குறிப்பிடாத வாசகர்: என்னிடம் 32 போர் இருக்கிறது. எந்தத் தோட்டா வாங்க வேண்டும்?

பிஸ்டலா, ரிவால்வரா என்றுகூடச் சொல்லாமல் தோட்டாவைக் கேட்கிறீர்கள். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங். .32 பிஸ்டலுக்கு உரியது 7.65 மி.மீ. என்றும் சொல்லப்படும் .32 ஏசிபி. இரண்டையும் நம் ஊர்க் கடைகளில் ‘32 போர்’ என்றே சொல்கிறார்கள். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதன் அழுத்தம் ரிவால்வர் தோட்டாவினுடையதைவிட அதிகம், விளிம்பும் சரியாகப் பிடிக்காது. குழலின் மேல் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு, அந்த எழுத்துகளை அப்படியே தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய, கோல்ட் (Colt) நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் உரிமத்துடன் எனக்கு வந்திருக்கிறது. ஆறு அறை இருக்கும்போது ஐந்து தோட்டா போதும் என்று அப்பா சொல்கிறார். ஒன்று வீண்தானே?

அப்பா சொல்வதைக் கேளுங்கள். இந்தக் கேள்வி ஆண்டுதோறும் யாராவது ஒருவரிடமிருந்து வருகிறது; நானும் சளைக்காமல் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அறைகள் ஆறும் காலியாக இருப்பதை விரலால் தொட்டு எண்ணிய பிறகு, உங்கள் ரிவால்வரின் சுத்தியலைப் பின்னால் இழுத்து அதன் முகத்தைப் பாருங்கள். பென்சில் முனையளவு ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலை மெல்ல இறக்கினால் அந்த ஊசி துப்பாக்கியின் உடற்சட்டத்தின் துளை வழியாக முன்னே வந்து, நேர் எதிரே உள்ள அறைக்குள் எட்டிப் பார்க்கும். அந்த அறையில் தோட்டா இருந்தால் ஊசி, தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூட்டியான பிரைமரின் மேல் சாய்ந்தபடியே இருக்கும். துப்பாக்கி கைநழுவிச் சுத்தியல் தரையில் படும்படி விழுந்தாலும், ஜீப்பில் ஏறும்போது சுத்தியல் கதவில் இடித்தாலும், அந்த இடி நேராகப் பிரைமருக்குப் போகும். விசையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். குண்டு தொடையில் இறங்கியிருக்கும்.

சுத்தியலைச் சற்றே இழுத்தால் முதல் கிளிக்கில் நிற்கிறதே, அது பாதுகாப்பு வெட்டுத்தானே என்று சிலர் வாதிடுகிறார்கள். பெயர் அப்படித்தான் இருக்கிறது. அந்த வெட்டில் உட்காரும் விசையின் நுனி நகக்கண்ணளவுதான் கனம். நூறாண்டு தேய்ந்த நுனி ஓர் அடியில் உடைந்துபோகும். உடைந்து வந்தவற்றை நான் பழுதுபார்த்திருக்கிறேன். அதை நம்பித் தோட்டாவின் மேல் சுத்தியலை நிறுத்துவது மடமை.

இந்தத் துப்பாக்கி 1873இல் அமெரிக்கப் படைக்குப் போனது. அதைக் கட்டிக்கொண்டு குதிரையில் திரிந்தவர்களே கண்டுபிடித்த முறை பின்வருமாறு. குழல் ஆபத்தில்லாத திசையைப் பார்க்கட்டும். சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, வலப்பக்கக் கதவைத் திறந்து, ஒரு தோட்டாவைப் போடுங்கள். அடுத்த அறையைக் காலியாக விட்டுத் தள்ளுங்கள். பிறகு வரிசையாக நான்கு போடுங்கள். கதவை மூடிச் சுத்தியலை முழுவதும் இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள். காலி அறை சுத்தியலுக்கு நேராக வந்து நிற்கும். பக்கவாட்டில் கண்ணை வைத்து, உருளைக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் பித்தளை விளிம்பு சுத்தியலுக்கு நேரே தெரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணுவதில் தடுமாறினால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘சரியாகத்தான் இருக்கும்’ என்று விடக் கூடாது.

ரூகர் நிறுவனம் 1973இல் தன் ரிவால்வர்களில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற துண்டைச் சேர்த்தது. விசை பின்னே அழுந்தியிருக்கும்போது மட்டுமே அந்தத் துண்டு மேலெழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். மற்ற நேரத்தில் சுத்தியல் ஊசியைத் தொடாது. அவற்றில் ஆறும் போடலாம். அதற்கு முந்திய ரூகர்களின் சட்டத்தில் பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரியும், அவற்றுக்கும் ஐந்துதான். அமெரிக்காவில் அத்தகையதை வாங்கியவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பினால் இலவசமாகவே புதிய அமைப்பைப் பொருத்தித் தருகிறார்கள். பழைமை கெடும் என்று அனுப்பாமலிருப்போர், ஐந்தோடு நிற்கட்டும்.

சினிமாவில் நாயகன் ஆறு என்ன, பதினாறு முறை சுடுவான். இடது உள்ளங்கையால் சுத்தியலைத் தட்டித் தட்டிச் சுடுவதையும் அங்கேதான் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அப்படிச் செய்தால் உருளையை நிறுத்தும் கொக்கியும் வெட்டுகளும் சிதையும். அதற்குப் பிறகு அறை குழலுக்கு நேராக நிற்காமல், குண்டு ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: தாத்தாவின் துப்பாக்கியை உயிரோடு இருக்கும்போதே பேரன் பெயருக்கு மாற்றலாமா?

உரிமதாரருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தாலோ, சட்டப்படியான வாரிசு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கிறது. இறந்துவிட்டால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, அதன்பின் விண்ணப்பியுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்; வாரிசாக வந்ததும் அந்த இரண்டில் அடங்கும்.

பொள்ளாச்சி வாசகர்: கோபாலபுரம் தாண்டி, கேரளப் பக்கம் ஐந்து கிலோமீட்டரில் எங்கள் தென்னந்தோப்பு. ரிவால்வரை அங்கே எடுத்துப் போவதற்கும் தனி அனுமதியா?

உங்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால், சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் உங்கள் கையில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. தோப்பு உங்களுடையது, பட்டா உங்கள் பெயரில், அந்த ஊரில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள் என்பதெல்லாம் வழக்கில் உதவாது. இரு மாநிலத்திலும் நிலம் இருப்பதற்கான ஆவணங்களை இணைத்துப் பகுதியை விரிவாக்கக் கேட்டு எழுதுங்கள். அதுவரை வீட்டிலேயே பூட்டிவையுங்கள்.

கொல்லங்கோடு வாசகர்: .32 ரிவால்வரால் காட்டுப்பன்றியைச் சுடலாமா?

கூடாது. கேரளத்தில் 2022இலிருந்து உள்ளாட்சித் தலைவர் அனுமதி பெற்று, பட்டியலில் உள்ள உரிமதாரரே சுட வேண்டும். .32இன் வலு பன்றியைக் காயப்படுத்தத்தான் போதும். காயம்பட்ட பன்றி உங்களைத் தேடி வரும்.

நெல்லியாம்பதி வாசகர்: ரிவால்வருக்குத் தேங்காய் எண்ணெய் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். சரியா?

தலைக்குப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் மலையில் மார்கழி இரவில் சுத்தியலின் சுருளுக்குள் அது மெழுகாக இறுகி நிற்கும். நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசினாகும். துப்பாக்கிக்கென விற்கும் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். சொட்டச் சொட்ட ஊற்றினால் பிரைமருக்குள் இறங்கித் தோட்டா வெடிக்காமல் போகும்.

மழைக்காலத்தில் தோலுறையில் வைத்துப் பூட்டுவதையும் நிறுத்துங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலேயே வைத்திருக்கும். இடவப்பாதி மழை முடிந்து எடுத்துப் பார்க்கும்போது உறையின் தையல் வடிவத்திலேயே துரு பதிந்திருக்கும். தோல்வாரில் செருகிய தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அவற்றைச் சுட வேண்டாம். துப்பாக்கியைத் துணியில் சுற்றி, தோட்டாவைத் தனியே, வேறு பூட்டில் வையுங்கள்.

உடுமலை வாசகர்: தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகலாமா?

புதிய ரூகரில் பழகலாம். ஊசி சுத்தியலிலேயே இருக்கும் பழைய கோல்ட்டில் போலித் தோட்டா போட்டே பழகுங்கள். முன்னதாக அறைகளை எண்ணுங்கள். உண்மைத் தோட்டா நீங்கள் பழகும் வீட்டறையிலேயே இருக்கக் கூடாது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்: கோயில் நோன்பி அன்று வானத்தை நோக்கி இரண்டு குண்டு சுடுவது எங்கள் குடும்ப மரியாதை.

இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழேயும் வரும்.

டாலஸ் வாசகர், கிரீன் கார்டு உள்ளவர்: .357க்கு முன் .22இல் தொடங்கச் சொல்கிறார்கள். ரூகர் சிங்கிள் சிக்ஸில் இரண்டு உருளை தருகிறார்களே, எதற்கு?

சொன்னவர் நல்லவர். .22இல் உதை இல்லை. வெடிக்கும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் ஒட்டாது. தோட்டாச் செலவும் மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் சுத்தியலை இழுத்து, சுட்ட கூடுகளைத் தள்ளுகோலால் ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டியிருப்பதால் அவசரம் தானே அடங்கும். ஒரு மணி நேரத்தில் ஐம்பது தோட்டா சுட்டு, ஐம்பதும் எங்கே போயிற்று என்று சொல்ல முடிவதுதான் இந்த வகையின் இன்பம்.

ஓர் உருளை .22 லாங் ரைபிளுக்கு, மற்றது .22 மேக்னத்துக்கு. மேக்னம் கூடு பருமன் கூடியது. மேக்னம் உருளையில் லாங் ரைபிளைப் போட்டால் தொளதொளவென்று நிற்கும். சுட்டால் கூடு பிளந்து வாயு பின்னால் வரும். எந்த உருளை எது என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும், படியுங்கள். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தில் தீப்பொறியும் ஈயத்துகளும் பக்கவாட்டில் தெறிக்கும் என்பதால் இடது கை விரல் அங்கே போகக் கூடாது. கண்ணாடியும் காதடைப்பானும் .22க்கும் வேண்டும்.