அப்பாவின் ஜாவாவுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: என் அப்பா ஓட்டிய ஜாவா 250, 1960களின் தொடக்கத்தில் வந்த பைக், 14 வருடமாக வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. டேங்கில் துரு. மெக்கானிக் ஒருவர், "என்ஜின் வேலை பார்த்து, பெயிண்டும் அடித்தால் நல்ல விலை போகும்" என்கிறார். பார்க்க வந்த ஒருவரோ இரும்பு விலைக்குக் கேட்டார். ரிப்பேர் செய்து விற்பதா, இப்படியே விற்பதா? தம்பி, அப்பா ஞாபகமாக ஹெட்லைட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்கிறான்.

பதில்: இப்படியே விற்றுவிடுங்கள். பெயிண்ட் வேண்டவே வேண்டாம்.

மெக்கானிக் சொல்வது தவறில்லை. ஆனால் அவர் சொல்வது தினசரி ஓட்டும் வண்டிக்கான கணக்கு. அறுபது வயது ஜாவாவை வாங்க வருபவர் அதில் ஆபீசுக்குப் போகப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கப்போகிறார். அவருக்கு அழுக்கு பிடிக்கும். மங்கிய பெயிண்டும், முழங்கால் உரசி உரசித் தேய்ந்த டேங்கும் வண்டி கை படாதது என்பதற்கு அவர் கண்ணுக்குத் தெரியும் சாட்சி. புதுப் பெயிண்டைப் பார்த்தால், அடியில் வெல்டிங் ஏதும் மறைந்திருக்கிறதோ என்றுதான் முதலில் தேடுவார். நான் ஒருமுறை சித்தப்பாவின் பழைய வண்டிக்கு ஆசையாக டேங்க் மட்டும் பெயிண்ட் அடித்து விற்கப் போனேன். வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே நான் செலவழித்த காசு போனது தெரிந்துவிட்டது.

என்ஜின் வேலைக்கும் இதே கதைதான். பிரித்த பிறகுதான் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். பிஸ்டன் ரிங் மாற்றலாம் என்று ஆரம்பித்தால் சிலிண்டரையும் கடைந்து போர் செய்ய வேண்டியிருக்கும், அப்புறம் கிராங்க் பேரிங், ஆயில் சீல் என்று நீளும். நடுவில் காசு தீர்ந்து, பாதி என்ஜினைச் சாக்கில் கட்டி விற்பவர்களுக்குக் கிடைக்கும் விலைதான் இருப்பதிலேயே மோசம். வேலையை முடித்தே விட்டாலும், யார் செய்தது என்று தெரியாத வேலைக்கு வாங்குபவர் மதிப்புத் தரமாட்டார். அவருக்கு அவருடைய மெக்கானிக்.

ஆனால் ஒரு வேலையை நீங்கள் செய்தாக வேண்டும். கிக்கர் இறங்காத வண்டிக்கும், என்ஜின் சுற்றும் வண்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. ஜாவாவில் உதைத்து ஸ்டார்ட் செய்வதும் கியர் மாற்றுவதும் ஒரே லீவரில்தான். அதன்மேல் ஏறி மிதித்து உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் பல்லை உடைத்து வைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு, நாலைந்து நாள் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். முதல் நாள் நகராது. இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் இரண்டு நாள். பல நேரங்களில் ஒரு நூல் அளவு அசைந்து, அப்புறம் திடீரென்று விட்டுக்கொடுக்கும். அசையவே இல்லையா, சரி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுத்தியல் எடுக்க வேண்டாம்.

சுற்ற ஆரம்பித்துவிட்டால் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்து அப்புறப்படுத்துங்கள். பிறகு சார்ஜ் உள்ள பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, என்ஜின் உலோகத்தில் தொடுகிறபடி வைத்து, லீவரை உதைத்துப் பொறி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விளம்பரத்தில் "ஓடாது" என்று எழுதாமல், "என்ஜின் சுற்றுகிறது, பொறி வருகிறது, 14 வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை" என்று எழுதலாம். விஷயம் தெரிந்தவருக்கு அந்த வரி போதும்.

துருவையும் உடைசலையும் நீங்களே கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள். சைலன்சர்களைத் தனித்தனியாக எடுங்கள். அந்த வண்டிக்குச் சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. ஒன்று ஒரிஜினல், மற்றது எப்போதோ மாற்றியது என்றால் வாங்க வருபவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வருடத்தையும் ஊகித்து எழுத வேண்டாம். ஜாவா என்ற பெயர் நிறுவனர் யானெச்செக், ஜெர்மன் கம்பெனி வாண்டரர் என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளை ஒட்டி 1929இல் வந்தது என்பதுவரை விரல்நுனியில் வைத்திருக்கும் ஆட்கள் இவர்கள். என்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் துணியால் துடைத்துப் படித்து, பேப்பரோடு ஒத்துப்பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பேப்பர் இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வாரிசுப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பேப்பர் இல்லாத வண்டியை ஸ்பேர் பார்ட்ஸாகத்தான் பார்ப்பார்கள். விற்ற அன்றே தேதி, நேரம், இரண்டு பேர் கையெழுத்து போட்டுக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

விலைக்கு, இதே மாடல் இதே நிலையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை மட்டுமே. ஓடும் வண்டி விலையில் ரிப்பேர் செலவைக் கழித்தால் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கேட்பார்கள். உள்ளே என்ன இருக்குமோ என்ற பயத்துக்கும் வாங்குபவர் விலை போடுகிறார். அது நியாயம்தான். இரும்பு விலைக்குக் கேட்டவருக்குப் பதில் சொல்லவே வேண்டாம். அவர் மறுபடி வருவார் பாருங்கள்.

தம்பியிடம் ஹெட்லைட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பீடோமீட்டரும் அதற்குள்தான் இருக்கிறது. அதைக் கழற்றினால் வண்டிக்கு முகமே இல்லாமல் போகும், விலையும் இறங்கும். அப்பாவின் சாவிக்கொத்து இருக்கிறதல்லவா? சாவியை மட்டும் கழற்றி வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, கொத்தைத் தம்பி வைத்துக்கொள்ளட்டும்.