கெர்வின் பிரைஸ் ஆளில்லாத அரங்கில் ஆடியதால்தான் உலகச் சாம்பியன் ஆனாரா?

வட்டப் பலகையில் சிற்றம்புகளைக் குறிபார்த்து எறியும் டார்ட்ஸ் விளையாட்டின் 2021-ஆம் ஆண்டு உலகப் பட்டத்தை வேல்ஸ் நாட்டின் கெர்வின் பிரைஸ் வென்றது, கொரோனாவால் பார்வையாளர்கள் இல்லாமல் போனதால் வாய்த்த அதிர்ஷ்டம்தானா, அவருடைய ஆட்ட வாழ்வை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்ஷ்டம் என்று நான் ஒருபோதும் கருதவில்லை. ஆனாலும் இந்தச் சந்தேகம் ஏன் எழுகிறது என்பது, அவருடைய ஆட்டங்களை விடாமல் பார்த்துவருகிற எனக்கு நன்றாகப் புரிகிறது. ரசிகர்களின் இரைச்சலோடு இவ்வளவு நெருக்கமாகவும் இவ்வளவு கசப்பாகவும் பிணைந்த ஆட்ட வாழ்வு டார்ட்ஸில் வேறு எவருக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1985-இல் பிறந்த பிரைஸ், தெற்கு வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த மார்க்கம் என்னும் கிராமத்தைச் சேர்ந்தவர். முதலில் அவர் ரக்பி வீரர். நீத், கிராஸ் கீஸ் ஆகிய அணிகளுக்கும், சிறிது காலம் கிளாஸ்கோ வாரியர்ஸ் அணிக்கும் ஹூக்கர் என்ற இடத்தில் ஆடினார். ஹூக்கர் என்பவர் முட்டி மோதும் முன்வரிசையின் நடுவில் நிற்பவர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போனால், இரு அணியினரும் வரிசையாகக் காத்திருக்க, அதைக் குறிபார்த்து உள்ளே எறிவதும் பெரும்பாலும் அவர் வேலைதான். உடல் கொதிநிலையில் இருக்கும்போதே கை நிதானமாக இருக்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் கைவந்திருக்கும் என்பது என் ஊகம்.

தொழில்முறை டார்ட்ஸில் ஆடுவதற்கான டூர் கார்டை அவர் தகுதிச் சுற்றில் பெற்றது 2014 ஜனவரியில். நெதர்லாந்தின் மைக்கேல் வான் கெர்வன் உலகத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்ததும் அதே மாதத்தில்தான். சிறு வயதிலிருந்தே டார்ட்ஸே கதியென்று வளர்ந்தவர்கள் நிறைந்த களத்தில், இருபத்தெட்டு வயதில், இன்னொரு விளையாட்டின் காயங்களோடு வந்து சேர்ந்த ஒருவர், ஏழு ஆண்டுகளில் அந்த முதலிடத்தை வான் கெர்வனிடமிருந்தே பறித்தார். பட்டங்களை எண்ணுவதற்கு முன்பு இந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேல்ஸுக்கு டார்ட்ஸ் புதிதன்று. 1978-இல் நாட்டிங்காமில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் ஜான் லோவை 11–7 என்று வென்றவர் இனிசிபூல் ஊரைச் சேர்ந்த லெய்ட்டன் ரீஸ். அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. 1995-இல் ரிச்சி பர்னெட்டும் 2008-இல் மார்க் வெப்ஸ்டரும் பிடிஓ என்னும் பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பின் உலகப் பட்டத்தை வென்றார்கள். ஆனால், 1990-களில் முன்னணி வீரர்கள் பிரிந்து சென்று உருவாக்கிய பிடிசி அமைப்பின் உலகப் பட்டம் மட்டும் பிரைஸ் வரும்வரை எந்த வேல்ஸ் வீரருக்கும் கிட்டவில்லை.

இரைச்சல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆட்டத்தைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். வீரர் பலகையிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி நிற்கிறார். 501 என்ற எண்ணிலிருந்து தம் புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட்டை டபுள் எனப்படும் வெளிவளையத்தில் செருகிச் சரியாகச் சுழியத்தில் முடித்தால் ஒரு லெக் அவருடையது. உலகச் சாம்பியன் போட்டியில் மூன்று லெக்குகள் வென்றால் ஒரு செட். அந்த வெளிவளையத்தின் அகலம் வெறும் 8 மில்லிமீட்டர். ஒரு முறைக்கு எறியும் மூன்று டார்ட்டுகளின் உச்சப் புள்ளியான 180-ஐ எத்தனை முறை எடுத்தாலும், அந்த 8 மில்லிமீட்டரில் டார்ட் விழாவிட்டால் எடுத்ததெல்லாம் வீண். அந்த நொடியைப் பார்த்துத்தான் எதிரணி ரசிகர்கள் விசிலடிப்பார்கள்.

பிரைஸுக்கு எதிரான விசில் ஓங்கி ஒலிக்கத் தொடங்கியது 2018 நவம்பரில், இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் நடந்த கிராண்ட் ஸ்லாம் என்னும் டார்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில். இரண்டு முறை உலகச் சாம்பியனான ஸ்காட்லாந்தின் கேரி ஆண்டர்சனை அவர் 16–13 என்று வென்றார். வென்ற விதம்தான் சர்ச்சையானது. ஒவ்வொரு முக்கியமான டார்ட்டுக்குப் பிறகும் முஷ்டியை மடக்கி ஆண்டர்சனின் முகத்துக்கு நேராகக் கர்ஜித்தார். ஒரு கட்டத்தில் ஆண்டர்சன் பொறுமையிழந்து அவரைத் தள்ளியும் விட்டார். ஒழுங்கு ஆணையம் 21,500 பவுண்டு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட மூன்று மாதத் தடையும் விதித்தது. மேல்முறையீட்டில் அபராதம் 11,500 பவுண்டாகக் குறைந்தது. தண்டனை சரியானது என்றே நான் கருதுகிறேன். அடுத்து எறியப்போகும் எதிராளியின் கவனத்தைக் குலைக்கும் கொண்டாட்டத்தை வெறும் உணர்ச்சிவேகம் என்று விட்டுவிட முடியாது. ஆனால் ஒரு வீரர் குற்றத்துக்கு அபராதம் கட்டிய பிறகும் ஆண்டுக்கணக்கில் அவர் டபுளுக்குக் குறிவைக்கும்போதெல்லாம் ஊளையிடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

அந்த ஊளைக்கு நடுவேதான் 2019-இல் அதே ஊருக்குத் திரும்பி வந்து அதே பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அரையிறுதியில், அதுவரை ஒருமுறைகூட வெல்ல முடியாத வான் கெர்வனை 16–12 என்று வீழ்த்தினார். இறுதியில் பீட்டர் ரைட்டை 16–6 என்று நசுக்கினார். அவருடைய ஆட்ட வாழ்வின் உண்மையான திருப்புமுனை உலகப் பட்டத்தைவிட இந்த வாரம்தான் என்பேன்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் உலக கிராண்ட் பிரீ, நவம்பரில் ஜானி கிளேட்டனுடன் சேர்ந்து வேல்ஸுக்கு முதல் உலகக் கோப்பை, 2021 ஜனவரி 3 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் உலகச் சாம்பியன் பட்டம் என்று அவருடைய உச்சகட்ட வெற்றிகள் ஆளில்லாத அரங்குகளில் அடுத்தடுத்து வந்தன என்பது உண்மை. உலகப் போட்டியின் முதல் நாள் மட்டும் ரசிகர்கள் அனுமதிக்கப்பட்டார்கள். பிறகு கதவுகள் மூடப்பட்டன. ஆனால் அந்தப் போட்டியில் அவர் கடந்துவந்த வழியைப் பாருங்கள். ஜேமி லூயிஸுடன் 3–2, பிரெண்டன் டோலனுடன் 4–3, காலிறுதியில் டாரில் கர்னியுடன் 5–4 என மூன்று ஆட்டங்கள் கடைசி செட் வரை போயின. மூன்றில் எதில் சறுக்கியிருந்தாலும் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மௌனம் இரு பக்கத்துக்கும் பொது. கர்னிக்கும் அது கிடைத்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் மீண்டும் ஆண்டர்சன். ஆறாவது செட்டில் பிரைஸின் மூன்று டார்ட் சராசரி 136.64, உலகச் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு அதுவரை எவரும் எட்டாத உயரம் அது. மூன்று லெக்குகளையும் சேர்த்து 33 டார்ட்டுகளில் முடித்தார், அதாவது ஒரு லெக்குக்குச் சராசரியாகப் பதினொன்று. குறைந்தபட்சம் ஒன்பது டார்ட்டுகள் இல்லாமல் 501-ஐ முடிக்கவே முடியாது என்னும்போது, பதினொன்று எவ்வளவு அபூர்வம் என்பது விளங்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது டபுளுக்கு எறிந்த டார்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு அப்பாலும் இப்பாலும் விழுந்தன. மொத்தம் பதினொரு வாய்ப்புகள் தவறின. கத்துவதற்கு யாருமே இல்லாத அரங்கில், தமக்குள் கேட்ட இரைச்சலோடுதான் அவர் போராடினார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவரைக் காப்பாற்றியது டபுள் 5. வீரர்கள் கூடுமானவரை தவிர்க்கும் இலக்கு அது. டபுள் 16-க்கு எறிந்து தவறி ஒற்றை 16-இல் விழுந்தால் டபுள் 8 மிஞ்சும், பிறகு 4, பிறகு 2 என்று இறங்கிக்கொண்டே போகலாம். டபுள் 5-இல் அந்த வசதி இல்லை. தவறி ஒற்றை 5-இல் விழுந்தால் மிஞ்சுவது ஒற்றைப்படை எண். அதைச் சரிக்கட்டவே இன்னொரு டார்ட்டைச் செலவழிக்க வேண்டும். பதினொரு தவறுகளுக்குப் பிறகு அந்த இடத்தில் டார்ட்டைச் செருகி 7–3 என்று முடித்து, 5 லட்சம் பவுண்டையும் முதலிடத்தையும் பெற்றவரை அதிர்ஷ்டசாலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரசிகர்கள் திரும்பிவந்த பிறகு அவர் ஒன்றும் மங்கிவிடவில்லை. 2021 நவம்பரில் ரைட்டை 16–8 என்று வென்று கிராண்ட் ஸ்லாமை மூன்றாவது முறையாக எடுத்தார். 2022 பிரிமியர் லீகில், பெல்ஃபாஸ்ட் நகரில், நிரம்பி வழிந்த அரங்கில் ஒரே இரவில் இரண்டு முறை ஒன்பதே டார்ட்டுகளில் லெக்கை முடித்துக் காட்டினார்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைப்பது அவருக்கே செய்யும் அநீதி. 2023-ஆம் ஆண்டின் முதல் நாள், உலகச் சாம்பியன் போட்டியின் காலிறுதியில் ஜெர்மனியின் கேப்ரியல் கிளெமென்ஸிடம் பின்தங்கியிருந்தபோது, கட்டுமானத் தொழிலாளர்கள் அணிவது போன்ற பெரிய காதடைப்பான்களை மாட்டிக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். அது உதவவில்லை; 1–5 என்று தோற்றார். பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது வேதனையான காட்சியாகவே இருந்தது, ஏனென்றால் கூட்டத்தை உசுப்பிவிட்டு அந்த வேகத்தில் ஆடுவதுதான் அவருடைய இயல்பான ஆட்டம். அதே கூட்டத்தை அடைத்துவிட்டு ஆட முயன்றபோது எதிர்ப்புக் கூச்சலோடு சேர்த்துத் தம்முடைய வேகத்தையும் அவர் வெளியே நிறுத்திவிட்டார்.

அடுத்த ஆறு மாதங்களுக்குள் ஃபிராங்ஃபர்ட்டில் உலகக் கோப்பை நடந்தது. மீண்டும் கிளேட்டனோடு ஜோடி, இறுதியில் எதிரே ஸ்காட்லாந்தின் ரைட்டும் ஆண்டர்சனும். இருவருமே இரண்டு முறை உலகச் சாம்பியன்கள். வேல்ஸ் 10–2 என்று வென்றது. அன்று அரங்கு காலியாக இல்லை. பிரைஸின் காதிலும் எதுவும் இல்லை.