ஆங்கில இலக்கணத்தில் வாய்ஸ், மூட் இரண்டும் எத்தனை முறை படித்தாலும் குழப்புகிறதே, எப்படிப் புரிந்துகொள்வது?

நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்தவராக இருக்க வேண்டும். 'ராமா கில்டு ராவணா' என்பதை 'ராவணா வாஸ் கில்டு பை ராமா' என்று திருப்பிப் போடத் தெரிந்திருக்கும். எதற்குத் திருப்புகிறோம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பரீட்சையில் அந்த மார்க்கை ஒன்று விடாமல் வாங்கியவன் நான்.

2009-ல் ஈரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்த்தேன். குஜராத்தின் மோர்பியிலிருந்து லோடு வரும். ஒரு முறை 14 பெட்டி உடைந்து வந்தது. தூக்கினாலே உள்ளே சில்லுகள் சலசலத்தன. உடைந்த பெட்டி எங்களிடம் 14 இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, 'வீ ஹாவ் டேமேஜ்டு 14 பாக்ஸஸ்' என்று மெயில் அனுப்பிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது: நீங்கள் உடைத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. முதலாளி அதை பிரின்ட் எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

கணக்கு பார்க்கும் அண்ணன்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, உடைந்தது, உடைத்தோம், உடைக்கப்பட்டது, மூணும் ஒண்ணா?" என்றார். தமிழில் 'ந்த', 'த்த' வித்தியாசத்திலேயே உடைத்த ஆள் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஐ ப்ரோக் தி கப்', 'தி கப் ப்ரோக்' இரண்டுக்கும் ஒரே சொல். டேமேஜ் அப்படி வராது. 'வீ டேமேஜ்டு' என்றால் செய்தது நாம். ஆள் தெரியாது, அல்லது சொல்ல வேண்டாம் என்றால் 'தி பாக்ஸஸ் வேர் டேமேஜ்டு' என்று போக வேண்டும். பாஸிவ் வாய்ஸ், அதாவது செயப்பாட்டு வினை, அதற்குத்தான்.

அப்புறம் மூட். இரண்டாவது மெயிலில் 'வீ ரிக்வெஸ்ட் தட் தி பாக்ஸஸ் ஆர் ரீப்ளேஸ்டு' என்று எழுதினேன். அண்ணன் 'ஆர்' மேல் கோடு போட்டு 'பி' என்று மாற்றினார். 'ஆர்' நடப்பதைச் சொல்வது. நாம் கேட்பதோ இன்னும் நடக்காதது, நடக்க வேண்டியது. நம் 'வாழ்க', 'வருக' மாதிரி. 'காட் சேவ் தி கிங்' என்பதில் 'சேவ்ஸ்' வராததும் 'இஃப் ஐ வேர் யூ' என்பதில் 'வாஸ்' வராததும் சப்ஜங்டிவ் என்கிற இந்த வகையில்தான் சேரும். 'கம் ஹியர்' என்று ஏவினால் இம்பரேட்டிவ். ஆக, செய்ததா பட்டதா என்பது வாய்ஸ். நடந்ததாகச் சொல்கிறோமா, ஏவுகிறோமா, வேண்டுகிறோமா என்பது மூட். 'பி ரீப்ளேஸ்டு' என்ற இரண்டே சொல்லில் இரண்டும் இருக்கிறது பாருங்கள்.

'ஷுட் பி' என்று எழுதலாமே என்று யாராவது வருவீர்கள். எழுதலாம், பிரிட்டனில் அது சகஜம். பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்பதும் உண்டு, தெரியும். நான் வாத்தியார் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

கடைசியில் 9 பெட்டிக்குத்தான் மாற்று வந்தது. மீதி 5 பெட்டியின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. சம்பளக் கவரின் மேல் 'அமௌன்ட் டிடக்டட்' என்று மட்டும் எழுதியிருந்தது. யார் பிடித்தது, எதற்குப் பிடித்தது என்று ஒன்றும் இல்லை.