வாசகசாலையா, நூலகமா?

அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் நாளிதழ்கள் மட்டும் போடுகிற ஓர் அறை இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து அதற்கு 'வாசகசாலை' என்றுதான் பெயர். அண்மையில் வெள்ளையடித்தபோது இளைஞர்கள் அதை அழித்துவிட்டு 'நூலகம்' என்று எழுதிவிட்டார்கள். வாசகசாலை வடசொல்லாம், நூலகம்தான் தமிழாம். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே? 'நூல் நிலையம்' என்று எழுதி இரு தரப்பையும் சமாதானப்படுத்திவிடலாமா?

வாசகர்,
வீரவநல்லூர்

அன்புள்ள தம்பிக்கு,

பொருள் ஒன்றில்லை. உட்கார்ந்து வாசித்துவிட்டு, இரண்டு வார்த்தை அரசியல் பேசிவிட்டு எழுந்துபோகிற இடம் வாசகசாலை. அந்தப் பெயரை வைத்த பெரியவர் யாரோ, சொல்லை அளந்து வைத்திருக்கிறார்.

வடசொல் வழக்கை முதலில் முடித்துவிடுவோம். வாசகம் வடமொழியிலிருந்து வந்ததுதான். வந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மார்கழியில் திருவெம்பாவை பாடுகிறவர்களிடம் போய், திருவாசகத்தின் பெயரை மாற்றுங்கள் என்று உங்கள் இளைஞர்கள் கேட்பார்களா? கேட்டால் எனக்கும் சொல்லியனுப்புங்கள், வேடிக்கை பார்க்க வருகிறேன். சாலையோ ராஜராஜனின் மெய்க்கீர்த்தியிலேயே 'காந்தளூர்ச் சாலை' என்று இருக்கிறது. இன்று சாலை என்றால் பஸ் போகிற பாதை என்று ஆகிவிட்டது. கூடம் என்ற பழைய பொருள் பாடசாலையிலும் சிறைச்சாலையிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி நூல். உங்கள் ஊர் தறி ஓடுகிற ஊர். அங்கே நூல் என்றதும் பாவும் ஊடையும்தான் நினைவுக்கு வரும். அதில் தவறே இல்லை, நன்னூல் பாயிரமும் நூலை அதை வைத்துத்தான் விளக்குகிறது. சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு கதிர். இது எல்லோரும் மேற்கோள் காட்டுவது. எனக்கு அதற்கு அடுத்த பாட்டுதான் பிடிக்கும். அதில் வருவது தச்சர் கையிலிருக்கும் நூல். மரத்தின் கோணலைத் தீர்க்க அவர் நூல் போடுவதைப்போல, மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூலின் மாண்பு என்கிறார் பவணந்தி. காலை நாளிதழிடம் அந்த வேலையை ஒப்படைப்பது கொஞ்சம் அதிகம், தம்பி. பல நாள் அது கோணலைக் கூட்டிவிட்டுப் போகிறது.

நூல் நிலையம் உங்கள் சண்டையைத் தீர்க்காது. 1943இல் உ.வே.சாமிநாதையர் பெயரில் அமைந்தது நூல் நிலையம். 1958இல் மறைமலையடிகள் பெயரில் சென்னையில் அமைந்ததும் நூல் நிலையம்தான். அதை அமைத்தது நம் திருநெல்வேலியில் 1920இல் பிறந்த சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம். இரண்டுமே ஓர் அறிஞர் ஆயுள் முழுக்கச் சேர்த்த ஏடுகளையும் புத்தகங்களையும் காப்பாற்ற எழுந்தவை. தினமும் பழைய தாள் கட்டி எடைக்குப் போடுகிற அறைக்கு அந்தப் பெயர் இன்னும் பொருந்தாது. போதாக்குறைக்கு, பழைய புணர்ச்சிப்படி அதை 'நூனிலையம்' என்றுதான் எழுத வேண்டும். எழுதச் சொல்லிப் பாருங்கள், பெயின்டர் உங்களுக்கே இலக்கணம் சொல்லித் தருவார். நூலும் அகமும் சேரும்போது இந்தத் தொல்லை இல்லை. நூலகம் மற்ற சொற்களை வென்றதில் பாதிக் காரணம் இதுதான் என்பது என் ஊகம்.

மீதிப் பாதி, அரசாங்கம். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் என்று பலகை பலகையாக எழுதி அந்தச் சொல்லை நிலைநிறுத்திவிட்டார்கள். நாம் வாயால் சொல்வது என்னவோ இன்றும் 'லைப்ரரி'தான். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம் அது. அதற்காக முன்னின்று உழைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை 1931இலேயே தம் முதல் விதியாக வைத்தவர். நூலகம் என்று அவர் சொன்னது புத்தகம் வெளியே போய் வருகிற இடத்தை. உறுப்பினர் அட்டை, சேர்க்கைப் பதிவேடு, பகுப்பு எண், இரவல், திருப்பித் தராதவருக்குத் தபாலில் நினைவூட்டல், இவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

உங்கள் வீட்டுத் தீர்வை ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு அதற்குப் போகிறது. நீங்கள் கட்டுவது வாசகசாலை வரி இல்லை. ஆகவே உங்கள் இளைஞர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை, இடம்தான் தவறு. சுவரில் பழையபடி வாசகசாலை என்றே எழுதிவிட்டு, தெருவார் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, உங்கள் பகுதிக்கு ஒரு பகுதி நேர நூலகமாவது வேண்டும் என்று மாவட்ட நூலக அலுவலருக்கு மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். தீர்வை ரசீதின் நகலையும் மனுவோடு இணைக்கட்டும். மனுவின் வாசகம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.