பெட்டிக்குச் சூடு தெரியும், காலுக்குத் தெரியுமா?

34 வருடம் வாட்டுகளில் தாதியாக நின்றுவிட்டு இப்போது திருகோணமலையில் வீட்டோடு இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று சூட்டையும் குளிரையும் பற்றியவை. முதலாவது கடிதத்தைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குத்தான் கூடுதல் இடம் எடுக்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. கொழும்பில் முழங்கால் மூட்டு மாற்று ஒப்பரேஷன் செய்து மூன்று கிழமை. ரொறன்ரோவிலிருந்து அண்ணா ஒரு மெஷின் அனுப்பியிருக்கிறார். வாளி மாதிரி ஒரு பெட்டி, இரண்டு குழாய், முழங்காலைச் சுற்றிக் கட்டும் தண்ணீர் மெத்தை. சூடும் வைக்கலாம், குளிரும் வைக்கலாமாம். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். இரவில் கட்டிவிட்டுப் படுக்கலாமா?
— வாசகி, உப்புவெளி

மகள், இரவில் கட்டிவிட்டுப் படுக்க விடாதீர்கள். மீதியை ஆறுதலாகப் படியுங்கள்.

பிளக்கில் போட முன் பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கனடாவில் கரண்ட் 120 வோல்ற், நமக்கு 230. ‘100–240’ என்று எழுதியிருந்தால் பிளக்கின் காலை மாற்றும் சின்ன அடப்டர் போதும். 120 மட்டும் இருந்தால், கரண்டை இறக்கித் தரும் ரான்ஸ்போமர் இல்லாமல் போடவே கூடாது, மெஷின் கருகிவிடும். தண்ணீரும் கரண்டும் ஒன்றாக நிற்கிற சாமான் இது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு முதலில் காட்டுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் பம் தண்ணீரை ஒரு குழாயால் மெத்தைக்குள் தள்ளும். அது மெத்தையின் வாய்க்கால்களில் நெளிந்து ஓடி, மற்றக் குழாயால் திரும்பி வரும். ஐஸ் பை என்றால் கொஞ்ச நேரத்தில் உருகிவிடும். எடுக்க மறந்தாலும் குளிர் தானாகக் குறையும். இந்த மெத்தை விடிய விடிய அதே குளிரில் நிற்கும். ஆஸ்பத்திரிகளில் முழு உடம்புக்கும் விரிக்கும் பெரிய மெத்தைகளும் உண்டு. அவற்றை 4 பாகை செல்சியஸிலிருந்து 42 வரை வைக்கலாம். 42-க்கு மேலே விடாததற்குக் காரணம் இருக்கிறது. 60 பாகைத் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைக்கும். 44 பாகை கை பொறுக்கும் சூடுதான்; ஆனால் அதுவும் ஆறு மணித்தியாலம் விடாமல் பட்டால் தோல் வெந்துபோகும். நல்ல இரத்த ஓட்டம் உள்ள தோலுக்கே இந்தக் கணக்கு.

என் அப்பாவுக்கும் சீனி வருத்தம். ஒரு மார்கழி, வாடைக்காற்று அடித்த இரவு, கால் குளிருது என்றார். சுடுதண்ணிப் பையை நான்தான் நிரப்பினேன். என் கையை வைத்துப் பார்த்தேன், பொறுத்தது. துவாயால் சுற்றிக் காலடியில் வைத்தேன். இரவில் துவாய் விலகிவிட்டது. காலையில் போர்வையைத் தூக்கினேன், குதிக்காலில் பத்து ரூபாய்க் குத்தி அளவில் ஒரு கொப்புளம். "நோகவே இல்லையே பிள்ளை" என்றார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது. சீனி வருத்தம் காலின் உணர்ச்சியைக் குறைத்துவிடும் என்று வாட்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த நான், என் கைக்குப் பொறுத்தது அவருடைய காலுக்கும் பொறுக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அதனால், மெஷினைத் தொட முன் அம்மாவின் காலைத் தொடுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளில் உங்கள் சுட்டுவிரலை ஒரு கணம் மெல்ல வையுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். இரண்டு காலுக்கும் ஆறு இடம். இரண்டு இடத்திலோ அதற்கு மேலோ "தொட்டதா?" என்று அவர் கேட்டால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை பெட்டி அலுமாரிக்கு மேலேயே இருக்கட்டும். ஆறும் தெரிந்தாலும் இன்னொன்று: இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு தழும்பின் வெளிப்பக்கத் தோல் பலருக்கு மரத்திருக்கும். அங்கே குளிர் கூடினாலும் அம்மாவுக்குத் தெரியாது.

டொக்டர் சரி என்றால் குளிர் மட்டும். மூன்று கிழமையில் வீக்கமும் சூடும் இன்னும் இருக்கும் முழங்காலுக்கு மேலும் சூடு கொடுக்கக் கூடாது. மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் காய்ந்த பருத்தித் துணி, பழைய சாரம் நல்லது. 15 முதல் 20 நிமிடம், பிறகு குறைந்தது ஒன்றரை மணித்தியாலம் ஓய்வு. பத்தாவது நிமிடத்தில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து, விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் சரி. மெழுகு மாதிரி வெள்ளையாகவோ, நீலம் பாரித்தோ, திட்டுத் திட்டாகவோ இருந்தால் உடனே கழற்றுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், தடவினால் ஒரு எலும்புக் குமிழ் தெரியும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே போகிறது. அந்த இடத்தில் குளிர் மெத்தையை இறுக்கிக் கட்டி, பாதம் தொங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இந்தக் குழாய்களுக்குள்ளும் படியும். மெஷினோடு வந்த புத்தகம் காய்ச்சி வடித்த தண்ணீர் கேட்டால் பாமசியில் விசாரியுங்கள். பற்றரிக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அங்கே பற்றரி அசிட்டும் பக்கத்திலேயே இருக்கும். லேபலைப் படித்து வாங்குங்கள். பாவித்து முடிந்ததும் தண்ணீரை வடித்து மெத்தையைக் காயவிடுங்கள், நின்ற தண்ணீரில் கிருமி வளரும். ஐஸ் போடும் மாதிரி என்றால் கட்டி கட்டியாகப் போடாமல், சின்னத் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்துப் போடுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்களிலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம்முடைய ஊர்க் காற்றில் குழாய்கள் வியர்த்துச் சொட்டும். பிளக் பக்கம் சொட்ட விடாதீர்கள். மெத்தையை ஊசி குத்தி நிறுத்தவும் வேண்டாம். இரண்டு குழாயையும் கையால் பிடித்துப் பார்த்தால் இரண்டிலும் குளிர் தெரியவேண்டும். திரும்பி வரும் குழாயில் தெரியாவிட்டால் எங்கோ மடிந்து தண்ணீர் ஓடாமல் நிற்கிறது.

மகனுக்கு 4 வயது. அடிக்கடி காய்ச்சல் 103 பாகை பரனைட்டுக்குப் போகிறது. குழந்தையைக் குளிர் தண்ணீர் மெத்தையில் படுக்க வைத்திருப்பதை ஒரு வீடியோவில் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் துவாயை நனைத்துச் சுற்றலாமா?
— வாசகர், கிண்ணியா

வேண்டாம் தம்பி. ஐஸ் பட்டால் பிள்ளை நடுங்கும். நடுக்கம் உடம்பின் சூட்டை இன்னும் கூட்டும். நீங்கள் பார்த்தது, பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமல் போன சிசுவாக இருக்கலாம். அப்படியான பிள்ளைகளைப் பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, 33 – 34 பாகை செல்சியஸில் 72 மணித்தியாலம் வைத்திருப்பார்கள். உடம்புக்குள் வைத்த சென்சர் சூட்டை அளந்துகொண்டே இருக்கும், தாதி பக்கத்தை விட்டு அசையமாட்டார். அது காய்ச்சலுக்கான வைத்தியம் இல்லை.

மகனுக்கு எடைக்கேற்ற பரசிற்றமோல், மெல்லிய உடுப்பு, நிறையக் குடிக்க. டெங்கு இருக்கும் ஊரில் அஸ்பிரினும் இபுபுரொபனும் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு பிள்ளை சோர்ந்து, வயிறு நோகுது என்றாலோ, சத்தி எடுத்தாலோ, சலம் குறைந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் அதுதான்.

கரைவலை இழுத்து இழுத்து நாரி விட்டுப்போச்சு. சூட்டு மெத்தை வாங்க வசதியில்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் சரியாகுமா?
— வாசகர், நிலாவெளி

ஐயா, கன்னியாவுக்குப் போய்வாருங்கள். ஏழு கிணறும் ஏழு சூடு. அந்தியேட்டிக்குப் போனவர்கள்கூட உடம்பு இலேசானதைச் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வாளியால் ஊற்றுகிற தண்ணீர் முதுகில் ஒரு கணம் பட்டு ஓடிவிடும். இறுகிய தசை இளக, இதமான சூடு ஒரே இடத்தில் 20 நிமிடமாவது நிற்கவேண்டும்.

அதற்கு மெத்தை தேவையில்லை. துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, உள்முழங்கையில் வைத்துப் பாருங்கள்; சுடாவிட்டால் நாரியில் வைத்து, மேலே காய்ந்த துவாய் ஒன்றைப் போடுங்கள். ஆறினால் மாற்றுங்கள். மாற்றிவிட வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அதன்பின் படுத்தே கிடக்காமல் கடற்கரையில் மெல்ல நடவுங்கள். வலையில் சில நாள் உங்கள் இடத்துக்கு வேறொருவரை விடுங்கள்.

கால் பலமில்லாமல் போனாலோ, உட்காரும் பின்பக்கமும் தொடை இடுக்கும் மரத்தாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ துவாயை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.