ஒரே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடரும் உடல்நல ஆய்வில் தரவை எப்படி அடுக்கி வைப்பார்கள்? ஒரே எக்செல் ஷீட் போதாதா?

முதல் சுற்றுக்குப் போதும். அதனால்தான் எல்லோரும் அதில் போய் விழுகிறோம்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் இப்படி ஒரு ஆய்வில் சில வருடம் தரவுப் பதிவு வேலை பார்த்தேன். ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்த ஊர்களில் பல், மூட்டுவலி, பிபி எல்லாம் பார்க்கிற ஆய்வு. ஆளுக்கு ஒரு வரி என்று ஆரம்பித்தோம். இரண்டாம் சுற்றில் அதே வரியின் வலப்பக்கம் 'பிபி2', 'எடை2' என்று சேர்த்தோம். மூன்றாம் சுற்றில் ஷீட் தொப்பூர் கணவாய் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போனால் எப்போது வெளியே வருவோம் என்று தெரியாது.

சரியான முறை, மாறாததையும் மாறுவதையும் பிரிப்பது. பிறந்த வருடம், ஆணா பெண்ணா, ஆய்வில் சேர்ந்த தேதி இவை ஓர் அட்டவணை. ஆளுக்கு ஒரு வரி. பிபி, எடை, மாத்திரை இன்னோர் அட்டவணை. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு வரி, அளந்த தேதியோடு. ஐந்து தடவை பார்த்தால் ஐந்து வரி. இரண்டையும் கட்டிப்போடுவது, ஒவ்வொருவருக்கும் நாம் கொடுக்கும் ஆள் எண். பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றாவதாகத் தனிக் கோப்பில், பூட்டி.

எங்களுக்குச் சூடு வைத்தது தண்ணீர் விஷயம். 'குடிநீர் எங்கிருந்து' என்பதை மாறாத பட்டியலில் போட்டிருந்தோம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. குழாயில் காவிரித் தண்ணீர் வந்ததும் கணக்கெடுக்கப் போன பையன் 'போர்' என்பதை அழித்துவிட்டு 'ஒகேனக்கல்' என்று மாற்றிவிட்டான். அவன் மேல் தப்பில்லை, அமைப்பு அப்படி. ஆனால் இருபது முப்பது வருடம் போர் தண்ணீர் குடித்தவர், பிறந்ததிலிருந்தே காவிரி குடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். அப்புறம் பழைய தாள்களைத் தோண்டி, எந்தத் தண்ணீர், எப்போதிலிருந்து எப்போது வரை, குடிக்கவா சமைக்கவா என்று தனி அட்டவணை போட்டோம். குடிக்கக் காவிரி, சோறு வடிக்கப் போர் என்று வைத்திருந்த வீடுகளும் இருந்தன.

ஆள் எண்ணில் எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது. ஊர் எண், வீட்டு எண் எல்லாம் அதில் கோத்தால், தம்பி தனிக்குடித்தனம் போன அன்றே சிக்கல். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த ஊர்களெல்லாம் தருமபுரியில்தான் இருக்கும். மாவட்டக் குறியீட்டை ஆள் எண்ணில் வைத்தவர் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்.

வயது இன்னொரு வேடிக்கை. ஒரு அம்மா மூன்று வருடம் கழித்தும், "போன தடவ அம்பத்தஞ்சுதான சொன்னேன் கண்ணு? அதையே போட்டுக்க" என்றார். எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987) மூத்த பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டுத்தான் பிறந்த வருடத்தைக் குத்துமதிப்பாகப் பிடித்தோம். அவர் சொன்ன 55-ஐயும் அழிக்கவில்லை. அது சந்திப்பு வரியில் அப்படியே இருக்கிறது.

விடுபட்டதற்கும் காரணம் வேண்டும். வீட்டில் இல்லை, மறுத்தார், மெஷின் வேலை செய்யவில்லை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. எல்லாவற்றுக்கும் 999 போட்டு, அதையும் சேர்த்துச் சராசரி எடுத்த கூத்தும் நடந்தது. இறந்தவர், ஓசூர் பெங்களூரு என்று வேலைக்குப் போனவர், தொடர்பே அறுந்தவர் மூவரையும் 'வரவில்லை' என்று ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. கடைசியாகப் பார்த்த தேதியும் வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வு 1948-ல் 5,209 பேரோடு தொடங்கியது. 1971-ல் பிள்ளைகளையும் 2002-ல் பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். யார் யாருக்குப் பிள்ளை என்ற உறவு அட்டவணை இல்லாமல் அது நடக்காது.

உங்களுக்கு ஐம்பது பேர், இரண்டு சுற்று என்றால் எக்செலிலேயே ஓட்டலாம். மாறாததுக்கு ஒன்று, சந்திப்புகளுக்கு ஒன்று என்று இரண்டு ஷீட்டாகப் பிரியுங்கள். பெயர், முகவரி அப்போதும் தனிக் கோப்பில்தான். மூன்றாவது ஷீட்டில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், எந்த அலகு, எந்தச் சுற்றில் கேள்வி மாறியது என்று எழுதி வையுங்கள். நாங்கள் அதை எழுதாமல் விட்டு, வேலையை விட்டுப் போன பெண்ணுக்குப் போன் போட்டு 'அது கிலோவா, பவுண்டா' என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.